ஜப்பானில் தெருச் சங்கம் வழியாகத் திருவிழாக்களில் கலந்துகொள்வது எப்படி?

ஜப்பானில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு குடியேறியிருக்கிறீர்களா? இங்கே தமிழ்ச் சங்கப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தவறாமல் போகிறோம். ஜப்பானியப் பண்பாடு என்று வந்தால் மட்டும் கியோத்தோவில் காசு கட்டி ஒரு மணி நேரத் தேநீர்ச் சடங்கு, வாடகைக் கிமோனோவில் நாலு படம் என்று முடித்துக்கொள்கிறோம். உங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில், மாதம் முந்நூறு யென் செலவில், அதைவிடப் பல மடங்கு நடந்துகொண்டிருக்கிறது. அதற்கு டிக்கெட் கிடையாது. தெருச் சங்கத்தில் ஓர் ஆளாகச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

நான் டோக்கியோவை ஒட்டிய கனகாவாவில் ஒரு புறநகரில் இருக்கிறேன். எப்படிச் சேர்வது என்று எனக்குச் சொல்ல ஆளில்லை. வீட்டுத் தரகர் குப்பை அட்டவணையைக் கொடுத்துவிட்டுப் போனார். நகராட்சியில் ஒவ்வொரு பிரிவும் அடுத்த பிரிவைக் கைகாட்டியது. பக்கத்து வீட்டுப் பாட்டியிடமும் அலுவலக நண்பர்களிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாகத் தருகிறேன். ஊருக்கு ஊர் பழக்கம் கொஞ்சம் மாறும். கட்டணங்களைத் தோராயமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

1. எந்தச் சங்கம் எதற்கு?

முதலாவது சோனாய்காய். சில ஊர்களில் ஜிச்சிகாய் என்பார்கள். உங்கள் தெரு, உங்கள் குடியிருப்பு சேர்ந்து நடத்துவது. கோடைத் திருவிழா, மோச்சி எனும் ஒட்டரிசிப் பண்டம் இடிப்பது, குழந்தைகள் ஊர்வலம், பேரிடர் பயிற்சி எல்லாம் இவர்கள் கையில்தான்.

இரண்டாவது கோமின்கான் எனும் பொது மன்றம். நகராட்சிக் கட்டடம். அங்கே தேநீர்ச் சடங்கு, இக்கெபானா எனும் பூ அலங்காரம், தூரிகை எழுத்து, தாய்கோ மேளம் என்று சின்னச் சின்னக் குழுக்கள் வாராவாரம் கூடும்.

மூன்றாவது கொகுசாய் கோர்யூ க்யோகாய். வெளிநாட்டவருக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் பழக்கம் ஏற்படுத்தவே நகராட்சி துணையோடு நடக்கும் அமைப்பு. ஆங்கிலம் பேசுபவர் ஒருவராவது இருப்பார். தன்னார்வலர்கள் நடத்தும் ஜப்பானிய வகுப்புக்கு ஒன்றுமே வாங்கமாட்டார்கள், இல்லையென்றால் சில நூறு யென்.

ஜப்பானிய மொழி சுத்தமாகத் தெரியாது என்றால் மூன்றாவதில் தொடங்குங்கள். ஆனால் அங்கேயே தங்கிவிடாதீர்கள். அங்கே நீங்கள் எப்போதும் விருந்தாளிதான். முதலாவதில்தான் கூடாரக் கம்பியைக் கையில் கொடுத்து "அந்தப் பக்கம் பிடி" என்பார்கள். அது கிடைத்த பிறகு எதையும் தேடிப் போக வேண்டியதில்லை.

2. குடிவந்த ஒரு வாரத்துக்குள் அக்கம்பக்கத்தைப் பாருங்கள்

முகவரிப் பதிவை 14 நாட்களுக்குள் நகராட்சியில் முடிக்க வேண்டும் என்பதை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். அண்டை வீட்டாருக்கு வணக்கம் சொல்லப் போக வேண்டும் என்பதைச் சொல்லமாட்டார்கள். தனி வீடு என்றால் இரு பக்கத்து வீடுகளும் எதிரே மூன்று வீடுகளும். அடுக்குமாடி என்றால் இரு பக்கமும், மேலும் கீழும்.

கையில் 500 முதல் 1,000 யென்னுக்குள் ஏதாவது இருக்கட்டும். ஒரு துண்டு, பிஸ்கட் டப்பா, குப்பைப் பை கட்டுகூடப் போதும். விலை கூடினால் அவர்கள் பதில் மரியாதை செய்ய வேண்டுமே என்று திணறுவார்கள். மிக்சர், முறுக்கு கொண்டுபோக ஆசையாக இருக்கும். முதல் சந்திப்பில் வேண்டாம், காரம் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. மாலை ஆறு மணிக்கு மேல் போகாதீர்கள். சனி, ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் நல்ல நேரம்.

அப்போதே கேட்டுவிடுங்கள்: "குமிச்சோ சான் வா தோனாத்தா தெஸ் கா?" இந்தத் தெருவின் குழுத் தலைவர் யார் என்று அர்த்தம். சில ஊர்களில் ஹான்ச்சோ என்பார்கள். பத்து இருபது வீட்டுக்கு ஒருவர் இருப்பார்.

3. பணம் கட்டும் முன் வாடகை ஒப்பந்தத்தைப் பிரித்துப் பாருங்கள்

பலர் இடறும் இடம் இது. அடுக்குமாடிகளில் சோனாய்காய் சந்தாவை மாதாந்திரப் பொதுச் செலவோடு சேர்த்தே வசூலிப்பது உண்டு. ஒப்பந்தத்தில் "சோகாய் ஹி" அல்லது "சோனாய்காய் ஹி" என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். படிக்க வராவிட்டால் கைப்பேசிக் கேமரா மொழிபெயர்ப்பு போதும். இருந்தால் நீங்கள் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அதைக் குமிச்சோவிடம் காட்டுங்கள். இரண்டு தடவை கட்ட வேண்டாம்.

இன்னொன்று, கட்டடத்தைப் பராமரிக்கும் கான்ரி குமியாய் வேறு, சோனாய்காய் வேறு. முன்னது சொந்த வீட்டுக்காரர்களுக்கு. வாடகைக்கு இருப்பவருக்கு அதில் வேலை இல்லை.

சேர்வது கட்டாயமா? இல்லை. இது விருப்பப்பட்டுச் சேரும் அமைப்பு. ஒரு ஜிச்சிகாயின் உறுப்பினர் தன் விருப்பப்படி எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று 2005 ஏப்ரலில் ஜப்பான் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. அதே வழக்கில், அந்தக் குடியிருப்பில் இருக்கும்வரை பொதுச் செலவுக் கட்டணத்தைக் கட்டத்தான் வேண்டும் என்றும் சொன்னது. அதனால் "சேர்ந்தால் வெளியே வர முடியாது" என்று யாராவது பயமுறுத்தினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். குப்பை போடும் இடத்தின் வலையையும் கூண்டையும் பராமரிப்பது பெரும்பாலும் இந்தச் சங்கம்தான் என்பதையும் மறக்காதீர்கள். சேர்ந்தவர்களுக்கு அங்கே கூட்டும் முறையும் வரும். வாரத்தில் பத்து நிமிட வேலை.

4. சேரும் முறை, செலவு, காலம்

தாள் என்று பார்த்தால் ஒரே ஒரு படிவம்: பெயர், முகவரி, தொலைபேசி, வீட்டில் எத்தனை பேர், குழந்தைகளின் வயது. குடியிருப்பு அட்டையின் நகலோ வருமானச் சான்றோ பொதுவாகக் கேட்பதில்லை. அந்த அட்டையை யாராவது நகலெடுக்கக் கேட்டால், எதற்கு என்று விசாரித்துவிட்டுக் கொடுங்கள். பெயரைக் கதகானாவில் (வெளிநாட்டுப் பெயர்களுக்கான ஜப்பானிய எழுத்து) எழுதுங்கள். நம் நீளப் பெயர்களைச் சுருக்கி, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதுவது பின்னால் நிறையக் குழப்பத்தைத் தவிர்க்கும். பெயர் முத்திரை கேட்டால் அதற்குப் பதில் கையெழுத்து போதுமா என்று கேளுங்கள். அநேகமாகப் போதும். இதற்காக ஆயிரம் யென் கொடுத்து முத்திரை செய்ய ஓடாதீர்கள்.

சந்தா பெரும்பாலும் மாதம் 200 முதல் 500 யென். ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ ரொக்கமாக வாங்குவார்கள். சரியான சில்லறையை உறையில் போட்டுக் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள். பள்ளி வயதுக் குழந்தை இருந்தால் கொதோமோகாய் என்ற சிறுவர் சங்கம் தனி, அதற்குச் சந்தாவும் தனி.

குமிச்சோவைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்றால், நகராட்சியில் "ஜிச்சிகாய் நோ தாந்தோ" என்று கேளுங்கள், ஜிச்சிகாயைக் கவனிப்பவர் என்று அர்த்தம். முகவரிப் பதிவுப் பிரிவில் கேட்டுப் பயனில்லை. சமூக மேம்பாட்டுப் பிரிவு வேறு மாடியில் இருக்கும். முகவரியைச் சொன்னால் உங்கள் தெரு எந்தச் சங்கத்தில் வருகிறது என்று சொல்வார்கள். தலைவரின் தொலைபேசி எண்ணைச் சட்டென்று தரமாட்டார்கள். உங்கள் எண்ணை வாங்கிக்கொண்டு அவரை அழைக்கச் சொல்வார்கள். அதற்கு ஒரு வாரம், இரண்டு வாரம்கூட ஆகும். பொறுத்திருங்கள்.

சேர நல்ல மாதம் ஏப்ரல். ஜப்பானில் எல்லாக் கணக்கும் ஏப்ரலில்தான் தொடங்கும். பொதுக்குழு, புதுக் குமிச்சோ, புதுச் சந்தா எல்லாம் ஏப்ரல், மே மாதங்களில். கோமின்கான் குழுக்கள் புது ஆட்களைத் தேடுவதும் அப்போதுதான். அக்டோபரில் வந்திறங்கியவர் ஏப்ரல் வரை காத்திருக்கத் தேவையில்லை, மீதி மாதங்களுக்கு மட்டும் வாங்கிக்கொள்ளும் சங்கங்கள் உண்டு.

5. காய்ரான்பானைத் தேங்கவிடாதீர்கள்

சேர்ந்த சில வாரங்களில் உங்கள் கதவுக் கைப்பிடியில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கும். உள்ளே கிளிப் வைத்த அட்டை. அதன் மேல் தெருவில் உள்ள வீட்டுப் பெயர்களின் பட்டியல், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சின்னக் கட்டம். உங்களுக்கு முன்னால் உள்ள கட்டங்களில் சிவப்பு வட்ட முத்திரைகள் வரிசையாக இருக்கும். அதுதான் காய்ரான்பான், வீடு வீடாகச் சுற்றும் அறிவிப்பு அட்டை.

எல்லாத் தாளையும் படம் எடுங்கள். உங்கள் கட்டத்தில் கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதுங்கள். அன்றைக்கோ மறுநாளோ அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிடுங்கள். படித்துப் புரிந்த பிறகு தரலாம் என்று மேசையில் வைத்தால் ஒரு வாரம் ஓடிவிடும், பின்னால் உள்ள வீடுகள் எல்லாம் காத்திருக்கும். ஊருக்குப் போகிறீர்கள் என்றால் குமிச்சோவிடம் சொல்லிவிடுங்கள், உங்கள் வீட்டைத் தாண்டி அனுப்பிவிடுவார்.

இந்தத் தாள்களில்தான் எல்லா நிகழ்ச்சியும் வரும். கவனமாகத் தேட வேண்டியது கடைசித் தேதியை. குழந்தைகள் ஊர்வலத்துக்கான தின்பண்டப் பை, மோச்சிக்கான சீட்டு எல்லாம் முன்கூட்டியே எண்ணிக்கை எடுத்துத்தான் செய்வார்கள். தாளின் அடியில் கிழித்துக் கொடுக்கும் துண்டு இருக்கும். அதைக் கொடுக்காமல் அன்றைக்கு நேராகப் போனால் மற்றப் பிள்ளைகள் பை வாங்க, உங்கள் பிள்ளை பார்த்துக்கொண்டு நிற்கும்.

மழை பற்றி ஒரு வரி இருக்கும். "ஊத்தென் சூஷி" என்றால் மழை பெய்தால் ரத்து. "ஊத்தென் கெக்கோ" என்றால் பெய்தாலும் நடக்கும். "ஜுன்யென்" என்றால் வேறு நாளுக்குத் தள்ளிவைப்பார்கள். இந்த மூன்றையும் படம் பிடித்து வைத்துக்கொண்டால் வீணாக நனைய வேண்டாம்.

இதோடு நகராட்சி மாத இதழ் கோஹோவும் வரும். வராவிட்டால் நகராட்சி அலுவலகத்திலோ ரயில் நிலையத்திலோ இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். கோமின்கான் வகுப்புகள் அதன் பின்பக்கங்களில் இருக்கும்.

6. முந்தைய நாள் போங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். திருவிழா அன்றைக்குப் போனால் நீங்கள் கூட்டத்தில் ஒருவர். முந்தைய நாள் காலை கூடாரம் அடிக்கும்போது போனால் நீங்கள் தெருக்காரர். பெரும்பாலான சங்கங்களில் வேலை செய்பவர்கள் அறுபது, எழுபது வயதுக்காரர்கள். மேசை தூக்க இளம் ஆள் ஒருவர் வந்து நின்றால் அவர்கள் முகத்தில் வரும் நிம்மதியைப் பார்க்க வேண்டும். மொழி தெரியாதது அங்கே ஒரு குறையே இல்லை. கயிறு, கம்பி, மேசை எல்லாம் கையால் காட்டினாலே புரியும்.

காய்ரான்பானில் "ஜும்பி" என்று ஒரு நேரம் போட்டிருக்கும், ஏற்பாட்டு வேலைக்கான நேரம். எட்டு மணி என்றால் ஏழே முக்காலுக்கே பாதி வேலை நடந்துகொண்டிருக்கும். தடித்த வெள்ளைக் கையுறை, கழுத்தில் ஒரு துண்டு, தண்ணீர் போத்தல் போதும். மறுநாள் பிரிக்கும் வேலைக்கும் நில்லுங்கள். முடிந்ததும் தேநீரோ, பெந்தோ எனும் பெட்டிச் சாப்பாடோ கொடுப்பார்கள். யார் என்ன கற்றுத்தருகிறார், எந்தத் தாத்தா மேளக் குழுவில் இருக்கிறார் என்பதெல்லாம் தெரியவருவது அந்த அரை மணி நேரத்தில்தான்.

7. போன் ஓதோரி

கோடையில் பள்ளித் திடலிலோ பூங்காவிலோ மரமேடை கட்டி, விளக்குகளைத் தொங்கவிட்டு, அதைச் சுற்றி வட்டமாக ஆடுவது. ஜூலை, ஆகஸ்டு வார இறுதிகளில் இருக்கும். டோக்கியோ நகரில் போன் எனும் முன்னோர் பண்டிகை ஜூலை நடுவிலும் மற்றப் பெரும்பாலான இடங்களில் ஆகஸ்டு நடுவிலும் வருவதால், சுற்றுவட்டாரத்தில் இரண்டு மாதமும் ஆடலாம். நுழைவுக் கட்டணம் இல்லை.

ஆடத் தெரியாதே என்று ஓரமாக நிற்காதீர்கள். ஒரு வாரம் முன்பு மாலையில் சங்கக் கூடத்தில் ஒத்திகை நடக்கும். அங்கே சொல்லித்தருவார்கள். முதலில் "தாங்கோ புஷி" பழகுங்கள். அது கியூஷு நிலக்கரிச் சுரங்கப் பாட்டு. அசைவுகளும் வேலையிலிருந்தே வந்தவை: மண்ணைத் தோண்டுவது, தோளுக்குப் பின்னால் போடுவது, கையை நெற்றியில் வைத்து நிலவைப் பார்ப்பது, வண்டியைத் தள்ளுவது. பத்து நிமிடத்தில் வந்துவிடும். அன்றைக்கு வட்டத்துக்குள் நுழையும்போது, ஒரே மாதிரி யுகாதா (கோடைக்கால மெல்லிய கிமோனோ) கட்டிய பெண்கள் குழு எங்கே ஆடுகிறது என்று பார்த்து, அவர்களுக்கு நேர் பின்னால் நின்றுகொள்ளுங்கள். அவர்கள் கையைப் பார்த்தே ஆடிவிடலாம்.

யுகாதா கட்டாயமில்லை. வாங்குவதென்றால் பழைய துணிக் கடைகளில் 1,000 முதல் 3,000 யென்னுக்கு நல்லதாகவே கிடைக்கும். ஆகஸ்டு கடைசியில் புதியதும் பாதி விலைக்கு வரும். கட்டும்போது ஒரே ஒரு விதி: வலப்பக்க மடிப்பை முதலில் உடம்போடு ஒட்டி வைத்து, இடப்பக்க மடிப்பை மேலே கொண்டுவர வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் இதேதான். மாற்றிக் கட்டுவது இறந்தவருக்கு. கைப்பேசி செல்ஃபியில் இடம் வலம் மாறித் தெரியும், அதைப் பார்த்துச் சரிசெய்யாதீர்கள்.

திடலின் ஓரத்தில் பெரிய பலகையில் வரிசையாகக் காகிதங்களில் பெயரும் தொகையும் எழுதி ஒட்டியிருப்பார்கள். விழாவுக்கு நன்கொடை கொடுத்தவர்கள். சந்தாவோடு இது சேராது, கட்டாயமும் இல்லை. கொடுக்க நினைத்தால் வீட்டுக்கு 1,000 முதல் 3,000 யென் போதும். நன்கொடை உறை நூறு யென் கடையில் இருக்கும், நல்ல காரியத்துக்கானதா என்று கேட்டு வாங்குங்கள். துக்க வீட்டு உறையும் பக்கத்திலேயே அடுக்கியிருக்கும்.

8. மிகோஷி தூக்குவது

மிகோஷி என்பது ஜப்பானின் ஷிந்தோ சமயக் கோயில் சாமியை ஊர்வலமாகத் தோளில் சுமந்து போகும் பல்லக்கு. அதனால் நம்பிக்கை சார்ந்த தயக்கம் உள்ளவர்கள் வரமாட்டேன் என்று சொல்லலாம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். கோயிலுக்கென்று தனியாக வரும் வசூலுக்கும் இதே பதில்தான். குடும்பத்தில் மரணம் நேர்ந்து 50 நாள் ஆகாதவர்கள் ஷிந்தோ வழக்கப்படி இதில் கலந்துகொள்வதில்லை.

தூக்க விருப்பம் என்றால் ஒரு மாதம் முன்பே பெயர் கொடுங்கள், சட்டை அளவு எடுக்க வேண்டும். ஹான்தென் மேல்சட்டையைச் சங்கமே இரவல் தரும். தலைக்கட்டுத் துணியும் பெரும்பாலும் கொடுப்பார்கள். வெள்ளை அரைக்கால் சட்டையும் விரல் பிரிந்த தபி காலணியும் உங்கள் செலவு. காலணி 3,000 முதல் 5,000 யென் வரை. முதல் வருடம் பழைய ஓட்டக் காலணி போதுமா என்று கேளுங்கள், பல இடங்களில் விட்டுவிடுவார்கள்.

உயரம் ஒத்தவர்களோடு நிற்கவைப்பார்கள். நீங்களாக இடம் மாற வேண்டாம். உயரம் கூடியவர் தோளில் பாரம் முழுக்க இறங்கும். சட்டைக்குள் தோளில் ஒரு சின்னத் துண்டை மடித்து வையுங்கள். மூட்டு வலி, முதுகு வலி உள்ளவர்கள் தண்ணீர் வண்டியோடு வரலாம், அதற்கும் ஆள் தேவை. ஊர்வலத்தை மாடியிலிருந்து குனிந்து பார்ப்பது மரியாதை இல்லை. வீட்டார் கீழே இறங்கி வந்து பார்க்கட்டும்.

கடைசியில் நவோராய் என்ற விருந்து. பீரும் சாக்கேயும் ஓடும். குடிக்காதவர்கள் "ஓச்சா தெ" என்றால் தேநீர் வரும். கட்டாயப்படுத்தமாட்டார்கள்.

9. மோச்சி இடிப்பது

டிசம்பரில் நடக்கும். 29ஆம் தேதியைத் தவிர்ப்பார்கள், அதற்கு முந்தைய வார இறுதிகள்தான். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு வருடத்தில் இதைவிட நல்ல நிகழ்ச்சி இல்லை.

ஒட்டரிசியை முந்தைய இரவே ஊறவைத்து, மர அடுக்குப் பெட்டியில் ஆவியில் வேகவைத்து, கொதிக்கக் கொதிக்க மர உரலில் கொட்டுவார்கள். உடனே அடிக்க ஆரம்பிக்கக் கூடாது. முதலில் இரண்டு மூன்று பேர் உரலைச் சுற்றி நடந்துகொண்டே சுத்தியலின் தலையால் அழுத்தி அழுத்திப் பிசைய வேண்டும். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். அப்புறம் ஒருவர் ஓங்கி அடிக்க, இன்னொருவர் அடிக்கும் அடிக்கும் நடுவில் ஈரக் கையால் மாவைப் புரட்டிவிடுவார். நம் ஊரில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று உலக்கை போடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தாளம் சட்டென்று பிடிபடும். சுற்றி நிற்பவர்கள் "யொய்ஷோ" என்று குரல் கொடுப்பதே தாளம் தப்பாமல் இருக்கத்தான்.

புரட்டும் வேலையைப் பழகியவரிடம் விடுங்கள். அடிக்கும்போது உரலின் விளிம்பில் படக் கூடாது, மரச் சிலும்பு மாவில் விழும். சுத்தியலை ஓங்கி வீச வேண்டியதில்லை. தூக்கி, அதன் எடையிலேயே விழவிட்டால் போதும். குளிர்காலத்தில் வாந்தி பேதி உண்டாக்கும் நோரோ வைரஸ் பயத்தால், எல்லோரும் இடித்த மாவை அலங்காரத்துக்கு வைத்துவிட்டுச் சாப்பிடத் தனியாகச் செய்து தரும் சங்கங்கள் இப்போது நிறைய. கையுறையும் முகக்கவசமும் கொடுத்தால் மறுக்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.

சின்னக் குழந்தைக்கும் வீட்டுப் பெரியவருக்கும் மோச்சியைக் கத்தரியால் பொடியாக வெட்டிக் கொடுங்கள். பக்கத்திலேயே உட்காருங்கள். தொண்டையில் அடைத்து ஒவ்வொரு புத்தாண்டிலும் இங்கே முதியவர்கள் இறக்கிறார்கள். ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவுக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

10. சைவம் சாப்பிடுபவர்கள்

காய்கறி மட்டும் கண்ணுக்குத் தெரிவதால் சைவம் என்று நினைத்துவிட முடியாது. மீன் சீவலில் எடுத்த தாஷி ரசம் எங்கும் இருக்கும். யாகிசோபா எனும் வறுத்த நூடுல்ஸில் பன்றித் துண்டுகள். குளிர்காலத்தில் கோப்பையில் தரும் தோன்ஜிரு பன்றி இறைச்சி சேர்த்த மிசோ சூப். புத்தாண்டு ஸோனி சூப்பிலும் தாஷி உண்டு.

கவலையில்லாமல் வாங்கக்கூடியவை: சீவிய ஐஸ், வெண்ணெய் வைத்த உருளைக்கிழங்கு, சுட்ட சோளம், சுட்ட சர்க்கரைவள்ளி. மோச்சியில் வறுத்த சோயா மாவு தூவிய கினாகோவும் இனிப்புப் பயறு வைத்த ஆங்கோவும் சுத்த சைவம். "நிகு தோ சகானா வா தாபெமாசென். தாஷி மோ தாமெ தெஸ்" என்பதை மனப்பாடம் செய்யுங்கள். இறைச்சியும் மீனும் சாப்பிடமாட்டேன், தாஷியும் ஆகாது என்று அர்த்தம். தாஷியைத் தனியாகச் சொல்லாவிட்டால் அதை யாரும் மீனாகவே எண்ணமாட்டார்கள். அன்றைய பெந்தோவுக்கு முன்கூட்டியே "எனக்கு வேண்டாம், நானே கொண்டுவருகிறேன்" என்று சொல்லிவிட்டால் அவர்களுக்கும் சங்கடம் இல்லை.

11. கோமின்கான் வகுப்புக்கு விண்ணப்பம்

இணையப் படிவம் இப்போது பரவலாகிவிட்டது. ஆனாலும் பழைய முறைப்படி இரட்டை அஞ்சலட்டை கேட்கும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. ஓஃபுகு ஹகாகி என்று அஞ்சல் நிலையத்தில் கேளுங்கள். 2024 அக்டோபர் விலை உயர்வுக்குப் பிறகு 170 யென். போகும் அட்டையின் முன்பக்கம் கோமின்கான் முகவரி, பின்பக்கம் வகுப்பின் பெயர், உங்கள் பெயர், வயது, முகவரி, தொலைபேசி. திரும்பும் அட்டையின் முன்பக்கம் உங்கள் முகவரி. அதன் பின்பக்கத்தைக் காலியாக விடுங்கள், குலுக்கல் முடிவை அங்கேதான் அச்சிட்டு அனுப்புவார்கள். உங்கள் பெயருக்குப் பின்னால் நீங்களே "சாமா" என்ற மரியாதைச் சொல்லைப் போடக் கூடாது.

தேதியில் ஒரு கண்ணி. "ஹிச்சாகு" என்றால் அந்தத் தேதிக்குள் அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். "கெஷியின் யூக்கோ" என்றால் அந்தத் தேதி அஞ்சல் முத்திரை இருந்தால் போதும். முதலாவது என்றால் நான்கைந்து நாள் முன்பே பெட்டியில் போடுங்கள்.

வாராந்திரக் குழுக்களில் சேர மாதம் 1,000 முதல் 3,000 யென் வரை, பொருட்செலவு தனி. இக்கெபானாவில் ஒவ்வொரு முறையும் பூவுக்குக் காசு கட்ட வேண்டும் என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாள் பார்த்துவிட்டு முடிவு செய்ய "கெங்காகு" அனுமதி உண்டு.

எதில் சேர்வது என்று தெரியாதவர்கள், நவம்பர் 3 பண்பாட்டு தினத்தை ஒட்டி நடக்கும் கோமின்கான் கண்காட்சிக்குப் போய் வாருங்கள். எல்லாக் குழுவும் ஒரே இடத்தில் இருக்கும். 300 முதல் 500 யென்னில் தேநீர்ச் சடங்கிலும் உட்காரலாம். மோதிரம், கைக்கடிகாரம், வளையல் எல்லாம் கழற்றி வையுங்கள், கோப்பையில் கீறல் விழும். சுத்தமான வெள்ளைக் காலுறை போடுங்கள். இனிப்பைத் தேநீர் வருவதற்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். மண்டியிட முடியாவிட்டால் நாற்காலி கேளுங்கள்.

12. பேரிடர் பயிற்சிக்கும் போங்கள்

1923 கான்தோ நிலநடுக்க நாளான செப்டம்பர் 1ஐ ஒட்டி நடக்கும். தண்ணீர் நிரப்பிய தீயணைப்பானை அடித்துப் பழகலாம், நிலநடுக்க வண்டியில் ஏறி அதிர்வு எப்படி இருக்கும் என்று பார்க்கலாம், புகைக் கூடாரத்தில் குனிந்து நடந்து பார்க்கலாம். திரும்பும்போது வெந்நீர் ஊற்றினால் சோறாகும் உலர் அரிசிப் பொட்டலம் கிடைக்கும். உங்கள் வீட்டில் எத்தனை பேர், குழந்தைக்கு என்ன வயது, ஜப்பானிய மொழி தெரியாதவர் யார் என்று குமிச்சோவிடம் அன்றைக்குச் சொல்லிவையுங்கள். நிஜமாக நடந்தால் உங்களைத் தேடப்போவது அவர்தான்.

13. படம் எடுப்பது

மற்றவர் குழந்தை முகம் தெரியும் படத்தை முகநூலிலோ வாட்ஸ்அப் நிலையிலோ போடாதீர்கள். பெற்றோரிடம் கேட்டாலும் "கொஞ்சம்..." என்று இழுப்பார்கள், அதற்கு வேண்டாம் என்று அர்த்தம். சங்கத்தோடு உறவு கசந்துபோவதற்கு இந்த ஒன்று போதும்.

14. குமிச்சோ முறை வரும்போதும் வீடு மாறும்போதும்

குமிச்சோ வேலை வருடத்துக்கு ஒரு வீடு என்று சுற்றி வரும். சந்தா வசூல், கோஹோ விநியோகம், மாதம் ஒரு கூட்டம். மொழி தெரியாது என்று சொன்னால் தாண்டிவிடுவார்கள். ஆனால் ஓரளவு பேச முடிந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள் என்பேன். வீடு வீடாகப் போய்ச் சந்தா வாங்கும்போது தெருவில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித் தெரிந்துகொள்வீர்கள். பக்கத்து வீட்டாரோடு இருவராகச் செய்யலாமா என்றும் கேட்கலாம்.

வீடு மாறுவதென்றால் ஒரு மாதம் முன்பே குமிச்சோவிடம் சொல்லுங்கள். காய்ரான்பான் உங்கள் வீட்டில் இருந்தால் அன்றே அடுத்த வீட்டுக்கு அனுப்புங்கள். இரவல் ஹான்தெனை லேபிளைப் பார்த்துத் துவைத்து அல்லது சலவைக்குக் கொடுத்து, மடித்துத் திருப்பித் தாருங்கள். சலவைக்கு நாலைந்து நாள் ஆகும், லாரி வரும் வாரத்துக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். ஆண்டுச் சந்தாவின் மீதிப் பணம் பெரும்பாலும் திரும்பி வராது. கூட்டக் கூடத்தின் சாவி, வசூல் ரசீதுப் புத்தகம் உங்களிடம் இருந்தால் அதை ஒப்படைத்ததற்கு ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.